மெத் எடுத்தவர் மூளையில் ரிசெப்டர் ‘எரிந்து’ போய்விடுமா?

வியாசர்பாடியிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். தம்பிக்கு 23 வயது. ஒன்றரை வருடம் மெத் (மெத்தாம்ஃபெட்டமைன் என்ற போதைப்பொருள்) எடுத்திருக்கிறான், விட்டு மூன்று மாதம் ஆகிறது. ஃபுட்பால் என்றால் சோறு தண்ணி வேண்டாம் என்று கிடந்த பையன் இப்போது கிரவுண்டு பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. பகலெல்லாம் பாயில் கிடக்கிறான். அம்மா காசிமேட்டிலிருந்து வஞ்சிரம் வாங்கிவந்து வறுத்து வைத்தாலும் இரண்டு வாயோடு தட்டை நகர்த்திவிடுகிறான். தெரிந்தவர் ஒருவர், “மூளையில டோபமைன் ரிசெப்டர் எல்லாம் எரிஞ்சிபோச்சிமா, இனிமே வராது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது உண்மையா, இல்லையென்றால் பையன் ஏன் இப்படி இருக்கிறான், இதற்கு மாத்திரை ஏதாவது உண்டா என்பது அக்காவின் கேள்வி.

நான் மருந்தியல் பாடம் நடத்துபவன், பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். இந்த “எரிஞ்சிபோச்சி” கதை நம் பக்கம் நன்றாகவே பரவியிருக்கிறது. ரிசெப்டர்கள் என்பவை டோபமைன் என்ற மூளை ரசாயனத்தின் செய்தியை வாங்கும் புரதங்கள். அவை எரிவதில்லை. மூளை அவற்றைத் தானாகவே குறைத்துக்கொள்கிறது. எதற்காகக் குறைக்கிறது, திரும்ப எப்போது கூட்டுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். மூன்று மாதமாக அந்தப் பையனை வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டு வரி போதாது.

டோபமைன் என்றாலே “இன்ப ரசாயனம்” என்று எழுதிவிடுகிறார்கள். அது பாதிதான் சரி. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் குரங்குகளின் டோபமைன் நரம்பணுக்களில் மின்முனை வைத்துப் பார்த்தார். எதிர்பாராமல் பழச்சாறு வாயில் விழும்போது அந்த அணுக்கள் சடசடவென்று துடித்தன. ஒரு விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டபின், துடிப்பு சாறு வரும்போது வரவில்லை. விளக்கு எரியும்போதே வந்துவிட்டது. விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனால், வரவேண்டிய நேரத்தில் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது. ஆக டோபமைன் சொல்வது “இதைக் கவனி, இதற்காக எழுந்து போ” என்பதைத்தான். கென்ட் பெரிட்ஜ் என்பவரின் எலிகளில் இது இன்னும் தெளிவு. மூளையில் டோபமைனை ஏறக்குறைய முழுக்க அழித்த எலியின் நாக்கில் சர்க்கரை நீர் விட்டால் அது ருசித்து நக்கும். ஆனால் பக்கத்தில் இருக்கும் தீனியை நோக்கி ஓர் அடி எடுத்து வைக்காது. ஊட்டாவிட்டால் பட்டினியில் செத்துவிடும். உங்கள் தம்பி கிரவுண்டுக்குப் போகாததைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவதற்கு முன் இந்த எலியை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ரிசெப்டருக்கு வருவோம். நடுமூளையில் சில லட்சம் டோபமைன் அணுக்கள்தான் இருக்கின்றன. அவற்றின் நீண்ட இழைகள் மூளையின் ஆழத்தில் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதிக்கு வந்து முடிகின்றன. இழையின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத சிறு பைகள், அவற்றுக்குள் டோபமைன். துடிப்பு வந்ததும் பை வாய் திறந்து டோபமைனை வெளியே கொட்டும். எதிரே இருக்கும் அணுவின் சவ்வில் காத்திருக்கும் புரதங்கள்தான் ரிசெப்டர்கள். அவற்றில் டோபமைன் ஒட்டியதும் அந்த அணுவுக்குள் செய்தி போகும். வேலை முடிந்த டோபமைனை, அனுப்பிய நுனியிலேயே இருக்கும் டிரான்ஸ்போர்ட்டர் என்ற இன்னொரு புரதம் உள்ளே இழுத்துக்கொள்ளும். இதெல்லாம் ஒரு நொடிக்குள் முடிகிற கதை.

கொக்கைன் அந்த டிரான்ஸ்போர்ட்டரை அடைத்துவிடும். கொட்டிய டோபமைன் திரும்ப வழியில்லாமல் வெளியிலேயே தேங்கும். ஆம்பெட்டமைன் குடும்பத்தின் வேலை இதைவிட மோசம், மெத்தும் அந்தக் குடும்பம்தான். உருவத்தில் டோபமைனைப் போலவே இருப்பதால் டிரான்ஸ்போர்ட்டர் வழியாகவே நுனிக்குள் நுழைந்துவிடும். உள்ளே போய்ப் பைகளிலிருந்து டோபமைனைக் கசியவிடும், பிறகு டிரான்ஸ்போர்ட்டரையே தலைகீழாக ஓட்டும். உள்ளே இழுக்க வேண்டிய புரதம் வெளியே தள்ள ஆரம்பிக்கும். எலி மூளையில் அளந்தபோது, பிடித்த தீனி டோபமைனை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்கியது. ஆம்பெட்டமைன் பத்து மடங்கு வரை கொண்டுபோனது. கொக்கைன் உடம்பில் பாதியாகக் குறைய ஒரு மணிநேரம் போல ஆகும். மெத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணிநேரம். அந்த வெள்ளம் அவ்வளவு நேரம் வடியாது.

டோபமைன் ரிசெப்டரில் ஐந்து வகை உண்டு. D1, D5 ஒரு கூட்டம். D2, D3, D4 இன்னொரு கூட்டம். முதல் கூட்டம் அணுவுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூதுப்பொருளைக் கூட்டும், இரண்டாவது குறைக்கும். இவை எல்லாவற்றின் மேலும் பல மணிநேரம் டோபமைன் கொட்டிக்கொண்டே இருந்தால் எதிரே இருக்கும் அணு சும்மா இருக்காது. சில நிமிடங்களிலேயே ரிசெப்டரின் உள்பக்கத்தில் பாஸ்பேட் ஒட்டப்படும். அரெஸ்டின் என்ற புரதம் வந்து உட்கார்ந்து செய்தியைத் துண்டிக்கும். ரிசெப்டர் சவ்விலிருந்து உள்ளே இழுக்கப்படும். உள்ளே போன D1 பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் மேலே வந்துவிடும். D2 அப்படியில்லை, அதில் கணிசமான பங்கு அணுவின் கழிவறைக்கே போய்ச் சிதைக்கப்படுகிறது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இதே நடந்தால் சவ்வில் இருக்கும் D2வின் எண்ணிக்கையே இறங்கிவிடும்.

ஆடி மாதம் அம்மன் கோயில் தெருவில் குடியிருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வாசலில் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டால் வீட்டிலுள்ளவர்கள் ஜன்னலை ஒவ்வொன்றாகச் சாத்துவார்கள். கூழ் ஊற்றி முடித்து ஸ்பீக்கரை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள், ஜன்னல்கள் மட்டும் இன்னும் சாத்தியபடியே இருக்கின்றன என்று வையுங்கள். வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரர் சாதாரணக் குரலில் கூப்பிட்டால் உள்ளே கேட்காது. வஞ்சிர மீனும் ஃபுட்பாலும் சாதாரணக் குரலில்தான் கூப்பிடும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. திரும்பத் திரும்பத் தூண்டப்படும் D1 அணுக்கள் டைனார்ஃபின் என்ற பொருளை அதிகமாகச் செய்ய ஆரம்பிக்கின்றன. அது திரும்பிப் போய் டோபமைன் நுனிகளை அடக்குகிறது, மனசையும் கசக்கவைக்கிறது. ஆக வருகிற டோபமைனும் குறைவு, வாங்குகிற D2வும் குறைவு. 2017ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வும் இதைத்தான் சொன்னது: கொக்கைன், மெத் போன்ற தூண்டுபொருள் பழகியவர்களிடம் D2 வகை ரிசெப்டர், டிரான்ஸ்போர்ட்டர், டோபமைன் சுரப்பு மூன்றுமே குறைந்திருந்தன.

இந்த “எரிஞ்சிபோச்சி” எங்கிருந்து வந்தது என்பதற்கு எனக்கு ஒரு யூகம் உண்டு. 1990களிலிருந்து நோரா வோல்கோவ் குழுவினர் அமெரிக்காவில் எடுத்த பெட் ஸ்கேன் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள், வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. ராக்லோபிரைடு என்ற மருந்தில் கதிரியக்கக் கார்பன் ஏற்றி ஊசி போடுவார்கள். அது D2வில் போய் ஒட்டும். எங்கே எவ்வளவு ஒட்டியது என்பதை இயந்திரம் படமாக்கும். பழக்கமில்லாதவரின் மூளையில் ஸ்ட்ரையேட்டம் இரண்டு பக்கமும் செக்கச்செவேலென்று இருக்கும். கொக்கைனோ மெத்தோ எடுத்தவரின் படத்தில் அதே இடம் மஞ்சளாக, பச்சையாக வெளுத்திருக்கும். பார்ப்பவருக்கு ஏதோ வெந்து அவிந்த மாதிரிதான் தோன்றும். ஆனால் அந்த நிறங்கள் கம்ப்யூட்டர் பூசியவை. எண்ணை நிறமாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

எரிந்தது என்ற சொல்லில் கொஞ்சம் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் அது ரிசெப்டரில் இல்லை, அனுப்புகிற பக்கத்தில் இருக்கிறது. மெத் பைகளிலிருந்து கசியவிட்ட டோபமைன் நுனிக்குள்ளேயே ஆக்சிஜனோடு வினைபுரிந்து நச்சாகிறது. அதிக அளவில் எடுத்தால் அந்த நுனிகளே சிதைகின்றன. விலங்குகளில் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். இழை நுனி போனாலும் நடுமூளையில் இருக்கும் அணுவின் உடல் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அதனால்தான் திரும்ப வருவதற்கு வாய்ப்பே இருக்கிறது.

வருகிறதா? 2001ல் வோல்கோவ் குழு மெத்தை விட்ட ஐந்து பேரை ஆறு மாதத்துக்குள் ஒருமுறையும், 12 முதல் 17 மாதம் கழித்து இன்னொருமுறையும் ஸ்கேன் செய்தது. டிரான்ஸ்போர்ட்டர் அளவு ஸ்ட்ரையேட்டத்தின் ஒரு பகுதியில் 19 சதவீதமும் இன்னொன்றில் 16 சதவீதமும் ஏறியிருந்தது. ஐந்தே பேர்தான், அதை மறைக்கக்கூடாது. ஞாபகசக்தியும் கைவேகமும் அதே அளவுக்கு மீளவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். D2 விஷயத்தில் மைக்கேல் நேடர் குழு 2006ல் வெளியிட்ட குரங்கு ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு வருடம் கொக்கைன் எடுத்த ஐந்து குரங்குகளில் மூன்றுக்கு, நிறுத்திய மூன்று மாதத்துக்குள் D2 பழைய நிலைக்கு வந்துவிட்டது. மீதி இரண்டுக்கு ஒரு வருடமாகியும் வரவில்லை. மனிதனுக்கும் அப்படியே நடக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒருவனுக்கு மூன்று மாதத்தில் தெளிகிறது, இன்னொருவன் ஒரு வருடம் இழுக்கிறான் என்றால் அதை மனவலிமைக் குறைவு என்று சொல்லிவிடுவதற்கில்லை.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. கொக்கைனையே பார்க்காத நிலையில் எந்தக் குரங்குக்கு D2 குறைவாக இருந்ததோ, அதுதான் பிறகு அதிகமாக எடுத்துக்கொண்டது. கொஞ்சம் முன்னால், 2002ல், அதே ஆய்வுக்கூடத்தில் தனித்தனியாக இருந்த குரங்குகளைக் கூட்டமாக விட்டார்கள். கூட்டத்தில் மேல்நிலைக்கு வந்தவற்றுக்கு D2 ஏறியது, அவை கொக்கைனைப் பெரிதாக நாடவில்லை. கீழே அமுக்கப்பட்டவை நாடின. அதாவது குறைந்த D2 பழக்கத்தின் விளைவு மட்டும் இல்லை, சிலரிடம் அது முன்பே இருக்கிறது. அதை ஏற்றுவதிலும் இறக்குவதிலும் வாழும் நிலைமைக்குப் பங்கு உண்டு. எட்டுக்குப் பத்து வீட்டில் ஆறு பேர், நிலையான வேலை இல்லை, எந்த ஏரியா என்று சொன்னதுமே இன்டர்வியூவில் முகம் மாறுகிறது. இதையெல்லாம் மூளையோடு சேர்த்துப் பேசினால் சிலர் சாக்கு சொல்கிறோம் என்கிறார்கள். குரங்குக்கு யாரும் சாக்கு சொல்லவில்லை.

இப்போது மூன்று மாதம் என்ற கணக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. “மூணு மாசம் தாண்டிட்டான், இனி பயமில்லை” என்று வீட்டில் நினைப்பார்கள். கொக்கைன் பழகிய எலிகளை வைத்து 2001ல் வந்த ஆய்வு நேர்மாறாகச் சொன்னது. போதை கிடைத்தபோது எரிந்த அதே விளக்கைக் காட்டினால், நிறுத்திய முதல் நாளைவிட இரண்டு மாதம் கழித்துத்தான் முன்பு போதை தந்த நெம்புகோலை எலி அதிகமாக அழுத்தியது. காரணம் டோபமைன் ரிசெப்டர் மட்டும் இல்லை. அந்த இடத்தோடு, அந்த நேரத்தோடு, அந்த ஆட்களோடு முடிச்சுப் போட்ட, குளூட்டமேட் என்ற இன்னொரு மூளை ரசாயனத்தின் இணைப்புகள் தனியாக வலுத்துக்கொண்டே போகின்றன. D2 ஏறிக்கொண்டிருக்கும்போதே ஆசையும் ஏறலாம். இரண்டும் வேறு வேறு கணக்கு. நல்ல தெளிவாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த ஒரு பையன், ஜன்னலுக்கு வெளியே யாரோ லைட்டரைச் சொடுக்கிய சத்தத்தில் பேச்சை நிறுத்தி உள்ளங்கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அவனுக்கே ஏன் வியர்த்தது என்று தெரியவில்லை. ஆகவே பழைய போன் நம்பர், சனிக்கிழமை சம்பளக் காசு, பாலத்துக்கடியில் நிற்கும் கூட்டம், இதையெல்லாம் அவனோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். சிம்மைப் பிடுங்கி உடைப்பதால் பயனில்லை.

இடையில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் பக்கம் “மாத்திரை”, “ஊசி” என்று சொல்வது பெரும்பாலும் டேபென்டடால் போன்ற வலி மாத்திரை. அது ஓபியாய்டு, அதாவது அபின் மாதிரி வேலை செய்யும் வகை. மெத் மாதிரி இல்லை, சிகிச்சையும் வேறு. மாவாவில் இருப்பது புகையிலையும் பாக்கும். நிக்கோடின் டோபமைன் அணுக்களை வேறொரு ரிசெப்டர் வழியாகத் தட்டுகிறது. தம்பி மெத்தோடு இதில் எதையாவது சேர்த்திருந்தால் டாக்டரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். அப்புறம், கவனக்குறைவு உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட்டும் டிரான்ஸ்போர்ட்டரை அடைப்பதுதானே என்று கேட்பார்கள். ஆமாம், அதே புரதம்தான். ஆனால் வாய்வழியாகச் சரியான அளவில் போகும்போது மூளைக்குள் மெல்ல, ஒரு மணிநேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு ஏறுகிறது. புகையாகவோ ஊசியாகவோ போவது நொடிகளில் ஏறும். போதையைத் தீர்மானிப்பதில் ஏறும் வேகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பார்த்துப் பயந்து நிறுத்தாதீர்கள்.

கடைசிக் கேள்வி, மாத்திரை. மெத் பழக்கத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் எதுவும் இல்லை. 2021ல் நால்ட்ரெக்சோன் ஊசியையும் புப்ரோபியான் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வில் 13.6 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்தது. போலி மருந்து எடுத்தவர்களில் 2.5 சதவீதம். உதவுகிறது, ஆனால் எல்லாருக்கும் இல்லை. இதுவரை நன்றாக நிரூபணமானது மருந்தே இல்லாத ஒரு முறை: சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வரும் ஒவ்வொரு முறையும் உடனுக்குடன் சிறு பரிசு கொடுப்பது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் மூளை சாதாரணப் பரிசுக்கு மீண்டும் எழுந்துகொள்ளப் பழகுவதற்கு இதைவிட நேரடியான பயிற்சி என்ன இருக்கிறது?

சந்தேகப் பேச்சு, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயம், காதில் குரல் இருந்தால் டாக்டர் கொடுக்கும் மாத்திரை D2வை அடைக்கும் வகையாக இருக்கும். “ஏற்கெனவே குறைஞ்சதை இன்னும் அடைக்கிறாங்களே” என்று தோன்றலாம். அந்த நிலையில் அது தேவைதான், ஆனால் எவ்வளவு காலம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். டோபமைனையே ஊசியாகப் போடலாமே என்றும் தோன்றலாம். ஐசியூவில் போடும் டோபமைன் ஊசி ரத்த அழுத்தத்துக்கானது; அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையவே நுழையாது.

இனி ஃபுட்பால். 2016ல் மெத்தை விட்டுச் சிகிச்சையில் இருந்த 19 பேரைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வாரம் மூன்று நாள் ஒரு மணிநேரம் உடற்பயிற்சியும், இன்னொரு பிரிவுக்கு ஆரோக்கிய வகுப்பும் கொடுத்தார்கள். எட்டு வாரம் கழித்துப் பயிற்சி செய்தவர்களின் ஸ்ட்ரையேட்டத்தில் D2 வகை ரிசெப்டர் 15 சதவீதம் போல ஏறியிருந்தது. வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அப்படி ஏறவில்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் உடற்பயிற்சிக்குச் செலவில்லை. அவன் தானாகக் கிளம்பும் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். கிளம்பவைக்கும் பொறிதானே மந்தமாக இருக்கிறது. யாராவது கூட நடந்து போகட்டும். மேட்ச் வேண்டாம், ஓடிவிட்டு வரட்டும். பிடிக்கவில்லை என்பான். முதலில் சில வாரம் பிடிக்காமலே செய்வதுதான் வழி.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. போனில் தமிழில் பேச 14416, எந்த நேரமும் இலவசம். “இருந்து என்ன ஆகப்போகுது” என்கிற மாதிரி அவன் பேசினால் மறுநாளுக்குத் தள்ளிவைக்காமல் அன்றைக்கே கூட்டிப்போங்கள். மெத்தை விட்டவர்களுக்கு இந்த மாதங்களில் அந்த ஆபத்து உண்மையாகவே உண்டு. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று தயங்க வேண்டாம். போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை எடுத்து முடிப்பவருக்கு, உபயோகித்ததற்கும் சிறு அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது.

போகும்போது எவ்வளவு காலம் எடுத்தான், கடைசியாக எப்போது, தூக்கம், நெஞ்சுப் படபடப்பு, சந்தேகம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டோபமைன் ஏறும் என்று யாராவது சொல்லி நாட்டு மருந்துக் கடையிலிருந்து பூனைக்காலிப் பொடி வாங்கிக் கொடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள். அந்த விதையில், மூளைக்குள் டோபமைனாக மாறும் லெவோடோபா நிஜமாகவே இருக்கிறது. D2 அடைக்கும் மாத்திரையோடு அது மல்லுக்கு நிற்கும், சந்தேக நோயைக் கிளப்பியும் விடலாம்.